பழைய விதைக்கு ஆறுதலாகத் தண்ணீர் காட்டுங்கள்

புரட்டாதி பிறந்தால் எங்கள் படலையடியில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்குவார்கள். கையில் ஒரு போத்தல் இருக்கும், அல்லது வாய் முடிந்த சொப்பிங் பை. உள்ளே விதை. நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கோண்டாவிலில் வீட்டு வளவுக்குள் மேடை போட்டுக் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று விற்கிறேன். காலபோக மழைக்கு முன்னர் "ஐயா, இது முளைக்குமோ?" என்று கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டால் இந்தப் பக்கத்துச் சனத்துக்கு என் ஞாபகம் வரும். அதில் எனக்குச் சந்தோசம்தான்.

வருகிற விதை இரண்டு வகை. ஒன்று, கடையில் வாங்கிய பைக்கற்றில் மிஞ்சியது. 2022க்குப் பிறகு வெளிநாட்டு விதையின் விலையைக் கண்டவர்கள் அரைப் பைக்கற்றைக்கூட எறிவதில்லை. நியாயம்தான். அது முளைக்காமல் போனால் காசு நட்டம், அவ்வளவுதான். மற்றது வீட்டு விதை. அம்மாவோ ஆச்சியோ சாம்பல் பிரட்டிப் போத்தலில் போட்டு வைத்தது. வெளிநாட்டில் இருந்து வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவர்கள் தட்டில் கண்டெடுத்தது. அந்தப் பயற்றங்காய் எவ்வளவு நீளம், கறி வைத்தால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு வடிவாக ஞாபகம் இருக்கிறது. இனத்தின் பெயர் மட்டும் தெரியாது. பெயர் தெரிந்தாலும் கடையில் கிடைக்காது. போத்தலில் கிடக்கும் நாற்பது ஐம்பது கொட்டைதான் மிச்சம். இப்படியான விதை வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்களுக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான்: "இரவு ஊறப்போட்டு விடிய நடு." புது விதைக்கு அதில் பெரிய பிழை இல்லை. நெல்லுக்கு நல்லதும்கூட. ஆனால் பல வருடம் காய்ந்து கிடந்த பயற்றங்கொட்டை, போஞ்சி, கச்சான் என்றால் அந்த ஓர் இரவே அவற்றைக் கொன்றுவிடும். முளைக்கக்கூடிய கொட்டையும் அதில் செத்துப்போகும். பிறகு, "விதை பழசு, அதுதான் முளைக்கவில்லை" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் சொல்வதில் ஐமிச்சம் இருந்தால் இரண்டு கண்ணாடிக் கிளாஸ் எடுங்கள். ஒன்றில் போன போகத்துப் பயற்றங்கொட்டை பத்து. மற்றதில் நாலைந்து வருடம் கிடந்தது பத்து. வீணாகப் போனால் கவலையில்லாத கொட்டையாக எடுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பழைய கொட்டையின் தோல் சுருங்கிச் சுருங்கி மேலே எழும்பும். புதியது அவ்வளவு கெதியாகக் குடிக்காது. சிவத்தக் கொட்டை என்றால் இரண்டு கிளாசிலும் நிறம் இறங்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியது கலங்கலை. பின்னேரம் ஆக, பழைய கொட்டை கிடக்கும் தண்ணீர் பால் கலந்ததுபோல மங்கி, மேலே சிறு நுரை கட்டியிருக்கும். இரண்டு விரலால் தொட்டு உரசினால் வழுவழுக்கும். விடிய மூக்குக்கே தெரியும். ஊறிய பழைய கொட்டை ஒன்றின் தோலை உரித்து, பருப்பின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். குறுக்கே வெடிப்புகள் ஓடியிருக்கும்.

அந்தக் கலங்கல் முழுக்க விதைக்குள் இருக்க வேண்டிய சாப்பாடு. சீனிச் சத்தும் உப்புகளும் புரதமும் வெளியே ஒழுகிக் கிடக்கின்றன. விதையின் ஒவ்வொரு கலத்தையும் மூடி ஒரு மென்சவ்வு இருக்கிறது. விதை காயும்போது அந்தச் சவ்வு குலைந்து இடைவெளி விடும், தண்ணீர் பட்டதும் திரும்பப் பொருந்தி மூடிக்கொள்ளும். புது விதையில் இது கெதியாக நடக்கும். பழைய விதையில் சவ்வில் உள்ள கொழுப்பு ஒட்சியேற்றம் அடைந்து பழுதாகியிருக்கும், நல்லெண்ணெய் நாள்பட்டுச் சிக்கு மணம் அடிப்பதும் இதே காரணத்தால்தான். அப்படிப் பழுதான சவ்வு பொருந்த நேரம் வேண்டும். அதற்கு முன்னரே தண்ணீர் பாய்ந்துவிட்டால் வெளிப்பக்கக் கலங்கள் வெடித்துவிடும். ஒழுகியதைத் தின்னப் பூஞ்சணம் வந்துசேரும். பட்டாணி விதையின் வீரியத்தை ஆய்வுகூடத்தில் அளப்பதும் இதை வைத்துத்தான். விதை ஊறிய தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்ப்பார்கள். கூடக் கடத்தினால் உப்பு கூட ஒழுகியிருக்கிறது, விதை தளர்ந்துவிட்டது.

ஆகவே பழைய அவரையினக் கொட்டைக்குத் தண்ணீரை ஆறுதலாகக் காட்ட வேண்டும். முதலில் காற்றின் வழியாக, பிறகு மண்ணின் வழியாக. நான் செய்வது இதுதான். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றின் அடியில் ஈரத்துணியை மடித்துப் போடுவேன். அதற்கு மேல் இரண்டு சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் இடியப்பத் தட்டு. தட்டில் கொட்டைகள் ஒன்றோடு ஒன்று முட்டாமல் இருக்கும். கொட்டையில் ஒரு துளி தண்ணீரும் படக்கூடாது. மூடிவிட்டு வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கொட்டை காற்றில் உள்ள ஈரத்தை மட்டும் குடிக்கும். எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தால், கல்லுமாதிரி இருந்தது கொஞ்சம் இளகியிருப்பது தெரியும். அதற்குப் பிறகு கைக்குள் பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர்கிற அளவு ஈரமுள்ள மணலில் ஒரு விரற்கடை ஆழத்தில் புதைப்பேன். அன்று மேலே தண்ணீர் ஊற்றுவதில்லை.

பெட்டியை வெயிலில் வைக்க வேண்டாம். நாள் கணக்கில் மறந்துவிடவும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சோயா விதையைச் செயற்கையாகக் கிழடாக்கிப் பார்க்க ஆய்வுகூடத்தில் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்: தண்ணீருக்கு மேல் வலையில் விதை, 41 பாகை செல்சியஸ் வெப்பம், 72 மணித்தியாலம். நிழலில் ஒரு நாள் வைத்தால் வைத்தியம், வெக்கையில் மூன்று நாள் வைத்தால் கொலை.

பாகல், புடோல், சுரை, பூசணிக்குக் கதை வேறு. அவற்றுக்குத் தோல்தான் தடை. பாகல் விதையின் கூர்முனைப் பக்கத்து ஓட்டை நகம்வெட்டியால் மெல்லக் கிள்ளி விடுவேன். ஓடு மட்டும் விலக வேண்டும், உள்ளே பருப்பில் காயம் படக்கூடாது. முளைவேர் வெளியே வருவது அந்த வாசலால்தான். கிள்ளிய விதையைத் தண்ணீரில் மூழ்க விடுவதில்லை. பழைய வேட்டித் துண்டை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, அதில் சுற்றி, வாழையிலையால் மூடிக் கட்டி அடுப்படியில் வைத்துவிடுவேன். இந்த இனங்களுக்குச் சூடு வேண்டும், 28 முதல் 30 பாகை வரை. மார்கழி தை இரவுக் குளிரில் புது விதையே சுணங்கும், பழையது அழுகிவிடும். துணியில் தண்ணீர் கூடினாலும் ஆபத்துத்தான், ஓட்டைச் சுற்றிப் படலமாக நிற்கும் தண்ணீர் ஒட்சிசனை மறித்துவிடும். தினமும் ஒருதரம் திறந்து காற்றுக் காட்டி, வழுக்கல் பிடித்த விதையைக் கழுவி, திரும்பக் கட்டுங்கள். வெள்ளை முனை கண்ட விதையை மட்டும் எடுத்து நடுங்கள். மற்றவற்றை எறிய வேண்டாம். பழைய விதைகள் எல்லாம் ஒரே நாளில் முளைப்பதில்லை.

ஏன் அவை சுணங்குகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் மிளகாய், கத்தரி, வெங்காயத்துக்கு என்ன செய்வது என்பதும் விளங்கிவிடும். விதை தண்ணீர் குடிப்பது மூன்று கட்டமாக நடக்கும். முதலில் மளமளவென்று குடிக்கும். பிறகு ஒரு நிறுத்தம், வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி. மூன்றாவதில் முளைவேர் வெளியே வரும். அந்த நடுக்கட்டத்தில்தான் உள்ளே திருத்த வேலை நடக்கிறது. அறுந்த டிஎன்ஏ இழைகள் பொருத்தப்படுகின்றன, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் பழுது பார்க்கப்பட்டுத் திரும்ப வேலை செய்யத் தொடங்குகின்றன. பழைய விதையில் பழுது அதிகம், அதனால் நடுக்கட்டம் நீளும். அவ்வளவு நாளும் ஈர மண்ணில் கிடந்தால் பூஞ்சணம் முந்திவிடும். அந்தத் திருத்த வேலையை மண்ணுக்கு வெளியே, எங்கள் கண்காணிப்பில் முடித்துக்கொடுத்துவிட்டு விதைப்பதுதான் விதைப்புக்கு முந்திய ஊறவைத்தலின் முழு நோக்கம்.

இங்கிலாந்தின் நொற்றிங்காம் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றர் ஹைடெக்கர் 1973இல் இதைப் பொலிஎதிலீன் கிளைக்கோல் கரைசலில் செய்து காட்டினார். கரைசல் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் விதைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். விதை நடுக்கட்டம் வரை போய் அங்கேயே நிற்கும். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆர். என். பாசு வெறும் தண்ணீரை வைத்தே செய்தார்: சேமிப்பில் இருக்கும் விதையை இடையில் எடுத்து நனைத்து, திரும்ப உலர்த்தி வைப்பது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். கிணறும் சுளகும் உள்ள எந்த வீட்டிலும் செய்யலாம். அதிலும் ஒரு எல்லை உண்டு. நடுத்தரமாகத் தளர்ந்த விதைக்குத்தான் கூடப் பலன். செத்த விதையை எதுவும் எழுப்பாது.

மிளகாய், கத்தரி, தக்காளிக்கு: விதையைத் துணியில் தளர முடிந்து நல்ல தண்ணீரில் ஆறேழு மணித்தியாலம் விடுங்கள், இடையில் ஒருதரம் தண்ணீரை மாற்றுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், மழைத்தண்ணீர் இருந்தால் விசேசம். பிறகு வடித்து, ஈரத்துணியிலேயே விடியும் வரை. கடைசியாகச் சுளகில் பரப்பி நிழலில், காற்றோட்டத்தில், விதைகள் ஒட்டாமல் உதிரும் வரை உலர்த்துங்கள். வெயில் கூடாது. வெள்ளை முனை எங்காவது எட்டிப் பார்த்துவிட்டால் உலர்த்துகிற பேச்சுக்கே இடமில்லை. முளைவேர் வந்த விதை காய்ச்சலைத் தாங்காது, அப்படியே மேடையில் போட்டுவிட வேண்டும். உலர்த்திய விதையையும் அடுத்த போகத்துக்கு என்று வைக்காதீர்கள், சில நாளுக்குள் போட்டு முடியுங்கள். இப்படி ஊறி உலர்ந்த விதை முந்தியதைவிடக் கெதியாகக் கெட்டுவிடும்.

வெங்காய உண்மை விதை, அதாவது நடுகிற வெங்காயம் அல்ல, பூவில் இருந்து எடுக்கும் விதை, இவை எல்லாவற்றிலும் சவலை. எங்கள் சூட்டில் திறந்து வைத்தால் ஒரு வருடம் தாண்டுவதே பெரும்பாடு. அதைத் தண்ணீரில் போடாமல் ஈரமணலோடு கலந்து ஒரு நாள் வைத்து, மணலோடேயே வரிசையில் தூவுங்கள்.

இனி, எதில் ஊறவைப்பது என்ற கேள்வி. இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் கடைசியாகச் சொல்லக் காரணம், எதில் என்பதைவிட எவ்வளவு ஆறுதலாக என்பதுதான் முக்கியம். முருங்கையிலைச் சாற்றில் எனக்கு நம்பிக்கை உண்டு. இளம் இலையை இடித்துப் பிழிந்த சாறு ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு. இலையில் சியற்றின் என்ற வளர்ச்சி ஓமோன் இருக்கிறது, பொற்றாசியமும் கல்சியமும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் முருங்கை இல்லாத வேலி எது? இளநீரிலும் அதே வகை ஓமோன் உண்டு. ஆனால் சீனியும் உண்டு. ஒழுகுகிற பழைய விதையைச் சீனித் தண்ணீரில் வைத்தால் பூஞ்சணத்துக்குத்தான் விருந்து. நிறையத் தண்ணீர் கலந்து, குறைந்த நேரம் வைத்தால் சரி. சாணக் கரைசல் புது விதைக்குப் பழகிய முறை. பழைய விதைக்கு நான் பாவிப்பதில்லை. ட்ரைக்கோடேர்மாத் தூள் கிடைத்தால் உலர்த்திய விதையில் பிரட்டி மேடையில் போடுவேன், அது கெட்ட பூஞ்சணத்தோடு போட்டி போடும் நல்ல பூஞ்சணம்.

ஜிபரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஓமோனை வைக்கலாமா என்று முந்திரிகை (திராட்சை)த் தோட்டக்காரர் சிலர் கேட்பார்கள். பொற்றாசியம் நைத்திரேற்று பற்றி பெடியள் இணையத்தில் வாசித்துவிட்டு வருவார்கள். இரண்டும் ஆய்வுகூடத்தில் பாவிக்கிறவைதான். நைத்திரேற்றை 0.2 சதவீதக் கரைசலாகத் தக்காளி, மிளகாய் விதைச் சோதனைக்கு எடுப்பார்கள். ஆனால் அங்கே அது பெரும்பாலும் உறங்குநிலையை உடைக்க. அறுவடை செய்து புதிதாக எடுத்த கத்தரி விதை உறங்கும். பழைய விதை தளர்ந்து கிடக்கிறது. நித்திரையில் இருப்பவனை எழுப்புவது வேறு, நோயாளியை எழுப்புவது வேறு. ஜிபரெலிக் அமிலம் கூடினால் நாற்று வெளிறி, நெடுநெடுவென்று வளர்ந்து சரிந்துவிடும். வேறு எதுவும் கைகொடுக்காத, வேறெங்கும் கிடைக்காத விதைக்கு மட்டும் நான் அதைத் தொடுவேன்.

சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். கோவா, தக்காளி விதையில் உள்ள பற்றீரியா நோயைப் போக்க 50 பாகைத் தண்ணீரில் 25 நிமிடம் வைக்கும் முறை ஒன்று உண்டு, நல்ல முறை. அது பலமான விதைக்கானது. தளர்ந்த விதை அந்தச் சூட்டோடு முடிந்துவிடும்.

நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களைத் திரும்பக் கொண்டுவர விரும்புகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த தண்ணீரில் நெல்லைப் போட்டு, மிதக்கும் சப்பியை வழித்து எடுத்துவிட்டு, தாழ்ந்ததை இரண்டு மூன்று தரம் நன்றாகக் கழுவுங்கள். பிறகு ஒரு நாள் ஊறவைத்துச் சாக்கில் முளைகட்டலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் மழைக்கு முன்னர் புழுதியில் விதைக்கிற வழக்கம் உண்டல்லவா? அதற்கு முளைகட்டிய நெல் உதவாது, ஒரு தூறல் பெய்துவிட்டு வெயில் எறித்தால் எல்லாம் கருகிவிடும். பழைய நெல் கொஞ்சமாக இருந்தால் புழுதியில் இறைக்காமல் கிணற்றடியில் ஒரு பாத்தியில் நாற்றாக்கி நடுங்கள்.

போன வருடம் ஒருவர் வட்ஸப்பில் வந்த செய்தியைக் காட்டினார்: இஸ்ரேலில் 2000 வருடப் பழைய பேரீச்சங்கொட்டை முளைத்த செய்தி. உண்மைதான். மசாதாக் கோட்டையில் தோண்டி எடுத்தது, 2005இல் நட்டார்கள். நட்டது மூன்று, முளைத்தது ஒன்று. "அப்ப எங்கட விதை ஏன் ஐயா மூண்டு வருசத்தில சாகுது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அது கிடந்தது சாக்கடல் பாலைவனத்தின் வறட்சியில். எங்கள் விதை கிடப்பது கடல் காற்றில். விதைச் சேமிப்புக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, ஹரிங்ரன் என்பவர் சொன்னது. வெப்பத்தைப் பரனைற்றிலும் காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்திலும் எடுத்துக் கூட்டினால் 100க்குள் வர வேண்டும். எங்கள் வீட்டில் 30 பாகை செல்சியஸ் என்றால் பரனைற்றில் 86. ஈரப்பதம் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 161. அவரே சொன்ன இன்னொன்று: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைய ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைய இன்னொருமுறை இரட்டிக்கும். எந்தச் சாறிலும் ஊறவைத்து இந்தப் பலனைப் பெற முடியாது. வேம்பு, பலா, மா இந்தக் கணக்கில் சேராதவை. பலாக்கொட்டையும் மாங்கொட்டையும் காய்ந்தாலே செத்துவிடும், அவற்றை எடுத்த கையோடு நட வேண்டும்.

கொஞ்ச விதைதான் இருக்கிறது என்றால் சோதனைக்கென்று தனியாகச் செலவழிக்காதீர்கள். முதலில் அஞ்சு கொட்டையில் முறையைப் பாருங்கள். முளைத்தால் அவற்றையே நட்டுவிடுங்கள். முளைக்காவிட்டால் முறையை மாற்றி அடுத்த அஞ்சு. முழுப் போத்தலையும் ஒரே நாளில் நனைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கும்.

அப்படி இரண்டு கொடி எழும்பிவிட்டால் அந்தப் போகத்துக் காயை ஒன்றுகூடச் சமைக்க வேண்டாம், எல்லாம் விதைக்கு. பயற்றங்காய் தன் பூவிலேயே கருக்கட்டும், பக்கத்தில் வேறு இனம் நின்றாலும் அநேகமாகக் கலக்காது. பாகலும் புடோலும் கலக்கும். பாகலின் நாளைக்கு விரியப்போகும் பெண் பூவையும் ஆண் பூவையும் பின்னேரமே நூலால் கட்டி, விடிய அவிழ்த்து, கையால் மகரந்தம் தொட்டு, திரும்பக் கட்டிவிடுங்கள். புடோலுக்கு நேரம் மாறும், அது பொழுதுபட்டபின் பூப்பது. முற்றி எடுத்த விதையை நிழலில் நன்றாக உலர்த்தி, வறுத்து ஆறிய அரிசி ஒரு கைபிடியைத் துணியில் முடிந்து கூடப் போட்டு, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்தால் போத்தலின் குளிர் போகும் வரை மூடியைத் திறக்கக்கூடாது, திறந்தால் விதையில் வேர்வை பிடிக்கும். மாதமும் வருடமும் எழுதி உள்ளேயே ஒரு துண்டு போடுங்கள், வெளியே ஒட்டியது கழன்றுவிடும்.

பிரிட்ஜ் ஒன்றையே நம்பி இருக்கவும் வேண்டாம். 1995 ஐப்பசியில் வலிகாமம் ஓர் இரவில் எழும்பிப் போனபோது எத்தனை வீட்டு விதைப் போத்தல்கள் அப்படியே நின்றன என்று இந்தப் பக்கத்துக் கமக்காரருக்குத் தெரியும். விதையைப் பிரித்துக் கொடுங்கள். ஒரு பங்கு வன்னியில் உள்ள சொந்தக்காரருக்கு, ஒரு பங்கு பக்கத்து வீட்டுக்கு. கண்டி கன்னொறுவையில் தாவர மரபுரிமை வளங்களைக் காக்கும் நிலையம் ஒன்று விவசாயத் திணைக்களத்திடம் இருக்கிறது, அபூர்வமான இனம் என்றால் உங்கள் பகுதி போதனாசிரியரைப் பிடித்து அங்கேயும் ஒரு பங்கு அனுப்பலாம். போத்தலோடு கோண்டாவிலுக்கு வருகிறவர்களிடம் நானும் பத்துக் கொட்டை கேட்டு வாங்குகிறேன். முளைத்தால் அடுத்த வருடம் திருப்பித் தருவேன்.